பசையும் பொருத்தமும்

மனிதன் ஏறிப் பறந்த விமானத்திற்கு முன்னரே, மனிதன் ஏறாத சிறு விமானம் பறந்துவிட்டது. 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பாரிசு நகரத்துத் துய்லெரித் தோட்டத்தில், அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர், முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைக் கற்றோர் பலர் காணப் பறக்கவிட்டார். அதன் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர்; எடை 16 கிராம். அது 11 வினாடி வானில் நின்று பறந்தது. 11 வினாடி என்பது இன்று அற்பமாகத் தோன்றலாம். ஆயினும், நிலைகுலையாது பறத்தற்குரிய வடிவம் யாது என்பதை உலகிற்கு முதன்முதல் தெளிவாகக் காட்டியது அச்சிறு கருவியே. அவர் அமைத்த முறையை ஒட்டிச் செய்யப்பெற்ற ரப்பர்விசைப் பொம்மை ஒன்றைத்தான் 1878-இல் ரைட் சகோதரர்க்கு அவர்தம் தந்தையார் வாங்கிக் கொடுத்தார். அச்சிறுவர் இருவரும் வளர்ந்து 1903-இல் செய்த செயலை அறியாதார் இலர்.

மாதிரி விமானம் செய்தல் இன்றும் பல நாடுகளில் மாணவரும் முதியவரும் விரும்பிப் பயிலும் கலையாக விளங்குகின்றது. இக்கலையைத் தொடங்குவோர் பெரும்பாலும் பொறியைப் பற்றியும், இறக்கையின் வடிவைப் பற்றியும், மேலே பூசும் வண்ணத்தைப் பற்றியும் நெடிது எண்ணுவர். பசையைப் பற்றி எண்ணுவார் சிலரே. கடையில் முதலில் கண்ட குப்பியை வாங்கி வருவர். விமானமோ, எண்ணப்படாத அப்பொருளையே நம்பி வானில் ஏறுகின்றது. ஒரு கிலோகிராம் எடையுள்ள மாதிரி விமானம் தலைகீழாகப் பாய்ந்து திடுமென நிமிரும்போது, அதன் இறக்கைகள் ஐந்து கிலோகிராம் சுமையைத் தாங்க நேரிடும். அச்சுமையின் வளைவு முழுவதும் இறக்கை இரண்டும் கூடும் நடுவிடத்தில் வந்து குவிகின்றது. அங்கே இருப்பது தாளினும் மெல்லிய ஒரு பசைப் படலம்.

மரத்தை மரத்தோடு ஒட்டும் வித்தை மிகத் தொன்மையானது. பழைய எகிப்தியர் விலங்கின் தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்து எடுத்த பசையால் மரப்பெட்டிகளையும் இருக்கைகளையும் இணைத்தனர். நம் நாட்டுத் தச்சரும் அவ்வகைப் பசையையே காய்ச்சிப் பயன்படுத்தினர். அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் வச்சிரம் என்பது. வச்சிரம் என்னும் சொல்லுக்கு வயிரமணி என்றும், இந்திரனின் படைக்கலம் என்றும் பொருள் உண்டு. உறுதிக்கு எல்லையாகக் கருதப்பட்ட ஒன்றன் பெயரைத் தச்சர் தம் பசைக்கு இட்டு வழங்கியது நுணுகி நோக்கத் தக்கது. எனினும் அவ்வச்சிரத்திற்கும் ஒரு குறை உண்டு. வெந்நீரில் கரைத்துச் செய்த பசை மீண்டும் ஈரமும் வெப்பமும் பட்டால் இளகிவிடும். வீட்டின் உள்ளே நிற்கும் நாற்காலிக்கு அதனால் பெருங்கேடு இல்லை. பழுது பார்க்க வேண்டுமிடத்து நன்மையும் உண்டு. மழையிலும் மேகத்திலும் செல்லும் விமானத்திற்கு அது பொருந்தாது.

ஆகவே, மரத்தால் விமானம் செய்தோர் வேறொரு பசையை நாடினர். பாலிலிருந்து பிரித்தெடுத்த கேசின் என்னும் புரதப் பொருளைப் பொடியாக்கிச் சுண்ணாம்பு சேர்த்து நீரில் குழைத்தால் அப்பசை கிடைக்கும். முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் விமானம் கட்டுவோர் இதனைப் பெரிதும் கையாண்டனர். தோற்பசையைக் காட்டிலும் இஃது ஈரத்தைத் தாங்கும். ஆயினும் பாலிற் பிறந்த பொருளாதலின், ஈரம் நெடுநாள் நீங்காத இடத்தில் பூஞ்சணம் இதனை உணவாக்கிக்கொள்ளும். மேலே பூச்சு மின்ன, உள்ளே இணைப்பு நலிந்துகொண்டிருக்கும்.

உள்ளே நிகழும் அந்நலிவு எத்துணைக் கொடியது என்பதை 1931-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் உலகம் கண்டது. அமெரிக்காவில் கான்சாசு மாநிலத்தின் மேலே பறந்து சென்ற ஃபாக்கர் வகைப் பயணி விமானம் ஒன்றன் மர இறக்கை நடுவானில் முறிந்தது. அதனுள் இருந்த 8 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் நூட் ராக்னி என்னும் புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளராதலின், நாடு முழுவதும் அத்துயரச் செய்தி பரவிற்று. இறக்கையின் உட்புறத்தில் நீர் கசிந்து, சட்டங்களைப் பிணித்த பசையை நாளடைவில் வலிவிழக்கச் செய்துவிட்டது என்பது ஆராய்ச்சியில் தெரியவந்தது. இறக்கை முழுதும் பலகையால் மூடப்பட்டிருந்தமையால், அதனைப் பிரித்தாலன்றி உட்குறையைக் காண வழியில்லை. அதன்பின் அந்நாட்டில் மரத்தாலாகிய பயணி விமானங்கள் மதிப்பிழந்தன. உலோக விமானங்கள் அவ்விடத்தைப் பற்றின.

இங்ஙனம் மரம் கைவிடப்பட்ட காலத்திலேயே இங்கிலாந்தில் மரத்தால் ஒரு போர் விமானம் எழுந்தது வியப்புக்குரியது. டி ஹாவிலண்டு தொழிலகத்தார் கட்டிய அவ்விமானத்திற்கு மஸ்கிட்டோ, அதாவது கொசு, என்று பெயர். அது 1940-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் முதன்முதல் பறந்தது. போர்க்காலத்தில் உலோகம் அரிதாயிருந்தது. தச்சரோ பலர் இருந்தனர். அறைகலன் செய்த கைகளே விமானம் செய்தன. மாதிரி விமானம் செய்வோர் மஸ்கிட்டோவின் உடற்கூட்டைத் தம் கலைக்குரிய பேருருவாகவே கருதலாம். ஏனெனில் அதன் சுவர், புறமும் அகமும் பிர்ச்சு மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகையும், அவற்றின் இடையே பால்சா மரமும் வைத்து ஒட்டப்பெற்றது. உடல் முழுவதையும் நெடுக்கில் இரு பாதிகளாக அச்சின்மேல் வளைத்துச் செய்து, கம்பிகளும் குழாய்களும் உள்ளே பொருத்தியபின் இரு பாதிகளையும் ஒன்றாக ஒட்டினர். புளியம்பழத்தின் ஓட்டை இரண்டாகப் பிளந்து மீண்டும் மூடுவது போன்றது அச்செயல்.

தொடக்கத்தில் அதற்கும் கேசின் பசையே இடப்பட்டது. பின்னர் யூரியாவையும் ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருளையும் சேர்த்துச் செய்த செயற்கைப் பிசின் அதன் இடத்தில் வந்தது. இத்தகைய பிசினை விமானத் தொழிலுக்கு ஏற்பப் பண்படுத்தியவருள் நார்மன் டி புருயின் என்னும் கேம்பிரிட்சு அறிஞர் தலையாயவர். அவர் தம் ஏரோ ரிசர்ச் என்னும் நிறுவனத்தின் வாயிலாக ஏரோலைட் என்னும் பசையை வெளியிட்டார். ஒரு மரத்தின் முகத்தில் பிசினையும், எதிர்முகத்தில் அதனை இறுகச் செய்யும் அமிலத்தையும் தடவி இரண்டையும் சேர்த்து அழுத்துவர். சேரும் வரையில் அவசரம் இல்லை. சேர்ந்தபின் இறுகுதல் தப்பாது. பூஞ்சணம் அதனைத் தின்னாது. அந்நிறுவனமே 1946-இல் அரால்டைட் என்னும் இருகூட்டுப் பசையையும் வெளியிட்டது. நிறுவனப் பெயரின் முதலெழுத்துகள் அப்பெயருள் அமைந்திருப்பதை அறிந்தோர் சிலரே. இன்றும் நம் ஊர்க் கடைகளில் அப்பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கின்றது.

மஸ்கிட்டோவின் வரலாற்றில் நம் நாட்டோடு தொடர்புடைய பகுதி ஒன்று உண்டு. 1944-ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியாவை நிலையமாகக் கொண்டு பர்மாப் போர்முனையில் பணிபுரிந்த மஸ்கிட்டோக்களுள் சில பறக்கும்போதே கட்டுக்குலைந்து வீழ்ந்தன; விமானிகள் இறந்தனர். இறக்கையின் மேற்பலகை உள்ளிருந்த நெடுஞ்சட்டத்தை விட்டுப் பெயர்ந்ததே காரணமென ஐயம் எழுந்தது. பலரும் உடனே பழியைத் தட்பவெப்பத்தின் மேல் சுமத்தினர். இந்நாட்டு வெயில் கேசின் பசையைப் பிளந்தது என்றனர் சிலர். தொழிலகத்தின் சார்பாக இந்தியாவுக்கு வந்து ஆராய்ந்த குழுவினர், பசை கெடவில்லை, மழைக்கால ஈரத்தால் மரக்கட்டமைப்பே சுருங்கித் திரிந்தது என்றனர்.

ஆனால் ஆராய்ச்சி அவ்வளவில் நிற்கவில்லை. பின்னர் வந்த ஆய்வாளர், தொழிற்சாலைகளில் நேர்ந்த கட்டுமானக் குறையே காரணம் என்று உறுதியாகக் கூறினர். இங்கிலாந்திலேயே இருந்த மஸ்கிட்டோக்களைச் சோதித்தபோதும் அதே வகைக் குறைகள் காணப்பட்டன. அவ்விமானங்கள் பருவமழையைக் கண்டதில்லை, கறையானையும் கண்டதில்லை. ஒட்டும் வேலையின் தரமே தாழ்ந்திருந்தது என்பது அவர்தம் முடிவு. எனினும் விமானத்தின்மேல் வைத்த நம்பிக்கை குலையலாகாது என்று கருதி, அரசு வெளிப்படையாகத் தட்பவெப்பத்தையே காரணமாகச் சொல்லி வந்தது. பின்னர் இறக்கைப் பலகையின் இணைப்பு நெடுகிலும் ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றை வைத்து மூடி, நீர் உட்புகும் வழியை அடைத்தனர். வெயிலும் மழையும் வாய்திறந்து மறுக்கமாட்டா ஆதலின் அவற்றின்மேல் பழி சுமத்துதல் எளிது. பசைக்குப்பியின் மேலும் அவ்வாறே பழி சுமத்துவோர் மாதிரி விமானம் செய்வோருள் பலர் உளர்.

பசை எவ்வாறு பற்றுகின்றது என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். மரம் என்பது நுண்ணிய குழல்கள் பல நெருக்கமாக அடுக்கப்பெற்ற கற்றை. அக்குழல்களின் பக்கவாட்டில் பசையைத் தடவி இரு முகங்களையும் நெருங்க அழுத்தினால், பசை மேற்பரப்பின் நுண்துளைகளுள் புகுந்து வேர்விட்டாற்போல் இறுகும். அன்றியும் மரப்பொருளின் அணுத்திரள்களும் பசையின் அணுத்திரள்களும் மிக அணுகிய நிலையில் ஒன்றையொன்று ஈர்க்கும். இவ்வீர்ப்பு மயிரிழையினும் சிறிய தொலைவிலேயே செயற்படும். இடையே வெற்றிடம் இருந்தால் பசை பாலமாக மட்டுமே நிற்கும். பல பசைகள் உலரும்போது சுருங்குவதால் அப்பாலமும் வெடிக்கும். ஆகவே நன்கு பொருந்திய இணைப்பில் மெல்லிய பசைப் படலமே வலிது. பசையை மிகுதியாக அப்புவதால் வலிமை ஏறுவதில்லை, எடைதான் ஏறும்.

தமிழிலக்கணம் கற்போர்க்கு இது புதிதன்று. நிலைமொழியின் ஈற்றில் உயிரும் வருமொழியின் முதலில் உயிரும் நின்றால் இரண்டும் தாமே பொருந்தமாட்டா. இடையே யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வந்து இரண்டையும் சேர்க்கும். மணி, அழகு என்னும் இரண்டும் மணியழகு ஆகும். அங்கே வரும் மெய் ஒன்றே; இரண்டு வருவதில்லை. இன்ன உயிர் ஈற்றுக்கு இன்ன மெய் என்னும் வரையறையும் உண்டு. பசையும் அத்தகையதே.

மாதிரி விமானத்திற்குரிய மரங்களுள் முதன்மையானது பால்சா. தென் அமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் வெப்பக் காடுகளில் வளர்வது. ஈக்வடார் நாட்டிலிருந்து பெருமளவில் வருவது. பால்சா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்பது பொருள். 1947-இல் தோர் ஹெயர்டால் என்னும் நார்வே நாட்டினர் பால்சாக் கட்டைகளைக் கயிற்றால் பிணித்துக் கோன்-டிக்கி என்னும் தெப்பமாக்கிப் பசிபிக்குப் பெருங்கடலை 101 நாளில் கடந்தார். அங்கே பசைக்கு வேலை இல்லை. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறக்குறைய 650 கிலோகிராம் எடையிருக்கும். அதே அளவு பால்சா 160 கிலோகிராம் அளவிலேயே நிற்கும். இவ்வளவு இலேசான மரம் கடற்பஞ்சு போல் பசையை உறிஞ்சும் என்பதை மறத்தலாகாது.

உறிஞ்சுதல் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவினதன்று. கட்டையை நெடுக்கில் சீவிய பக்கத்தில் குழல்கள் படுத்திருக்கும்; குறுக்கே அறுத்த முனையில் அக்குழல்களின் வாய்கள் திறந்திருக்கும். முனையில் தடவிய பசை குழல்களின் உள்ளே ஓடி மறைய, மேற்பரப்பு வறண்டு நிற்கும். முனையோடு முனை ஒட்டிய இணைப்பு எளிதில் கழல்வதற்கு இதுவே காரணம். இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. முனையில் முதலில் ஒருமுறை பசையைத் தேய்த்து ஊறவிட்டு, அது சற்று இறுகியபின் மறுமுறை தடவிச் சேர்ப்பது ஒன்று. மற்றொன்றே சிறந்தது: முனைகளை நேராக வெட்டாமல், நீண்ட சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியுமாறு ஒட்டுதல். மர விமானம் கட்டுவோர் சட்டத்தின் கனம் ஒரு பங்காயின் சாய்வின் நீளம் பத்து அல்லது பன்னிரண்டு பங்கு இருக்குமாறு சீவுவர். அங்ஙனம் செய்யின் முனை இணைப்பு ஏறத்தாழப் பக்க இணைப்பாகவே மாறிவிடும். ஒட்டும் பரப்பும் பன்மடங்கு பெருகும்.

பொருத்தம் அமைந்தபின் பசையைத் தெரிதல் எளிது. இங்கே கடைக்காரர் சொல்லையோ குப்பியின்மேல் அச்சிட்ட பெருமையையோ நோக்காது, இணைப்பின் இயல்பை நோக்குதல் வேண்டும்.

தச்சர் இன்று பயன்படுத்தும் வெள்ளைப் பசை, பாலிவினைல் அசிட்டேட் என்னும் பொருள் நீரில் நுண்துளிகளாகக் கலந்து நிற்பது. நம் நாட்டில் 1959-இல் ஃபெவிகால் என்னும் பெயரோடு வந்து, பழைய வச்சிரக் காய்ச்சலைத் தச்சுப் பட்டறைகளிலிருந்து ஏறத்தாழ ஓட்டிவிட்டது இவ்வினத்ததே. நீர் மரத்துள்ளும் காற்றிலும் சென்று மறைய, துளிகள் ஒன்றுகூடிப் படலமாகும். ஆதலின் நீர் வெளியேற வழியும் நேரமும் வேண்டும். அதுவரை இடுக்கியோ குண்டூசியோ கொண்டு அசையாமல் பிடித்திருத்தல் வேண்டும். முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும். பொறுமையுடையார்க்கு இது மிக நல்ல பசை, விலையும் குறைவு, சிறிது நெகிழ்ந்து கொடுக்குமாதலின் அதிர்ச்சியையும் தாங்கும். இறக்கையின் விலாச்சட்டங்களை நெடுஞ்சட்டத்தோடு இணைத்தற்கும், பலகையின்மேல் பலகை பரப்பி ஒட்டுதற்கும் இதனை மிஞ்சியது அரிது. குறைகளும் உண்டு. தண்ணீர் பட்டால் இளகும். ஓயாத சுமையின் கீழ், வெப்பமும் சேர்ந்தால், மெல்ல மெல்ல நழுவும். உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால் பொடியாகாமல் ரப்பர் போலச் சுருளும். இதன் இனத்ததாகிய மஞ்சட்பசை இக்குறைகளைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டது. விரைவில் பற்றும், தேய்த்தற்கும் இணங்கும்.

நொடியில் ஒட்டும் பசையின் கதை வேறு. 1942-இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்து ஹாரி கூவர் என்பார், துப்பாக்கிக் குறிகாட்டிக்கு வேண்டிய தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடுகையில் சயனோஅக்ரிலேட் என்னும் பொருளைக் கண்டார். தொட்டதிலெல்லாம் அது ஒட்டிக்கொண்டமையால் பயனற்றதென்று அதனை ஒதுக்கிவிட்டார். 1951-இல் அப்பொருள் மீண்டும் அவர்தம் ஆய்வுக்கூடத்திற்கு வந்தபோது, ஒட்டுதலே அதன் பயன் என்பது புலனாயிற்று. 1958-இல் அது விற்பனைக்கு வந்தது. காற்றிலும் மரத்திலும் உள்ள சிறிதளவு ஈரமே இதனை இறுகச் செய்யும். நீர்போல் மெல்லியதாகவும், தேன்போல் தடித்ததாகவும் இது கிடைக்கின்றது. மெல்லியதைப் பொருத்தி வைத்த இணைப்பின் ஓரத்தில் ஒரு துளி விட்டால் தானே உள்ளோடிப் பரவும். ஆனால் இடைவெளி இருப்பின் பயன்படாது. தடித்தது சிறு இடைவெளியை நிரப்பும்.

ஒரே மாலையில் விமானத்தை முடித்துவிட விரும்புவோர் அனைத்தையும் இதனாலேயே ஒட்டிவிடுவர். அது தகாது. இஃது இழுவையைத் தாங்கும் அளவிற்கு உதறலையும் இடியையும் தாங்காது. கண்ணாடி போல் நொறுங்கும் இயல்பினது. தரையில் மோதி இறங்கும் சக்கரக் காலின் அடித்தளத்திற்கு இதனை நம்புவது பேதைமை. தெர்மக்கோலின் மேல் சாதாரணமாகக் கிடைக்கும் மெல்லிய வகையைத் தடவினால் அதனைத் தின்று குழியாக்கிவிடும். கையாள்வோர் வேறொன்றையும் அறிதல் வேண்டும். இது விரலோடு விரலை நொடியில் ஒட்டும். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ சிந்தினால் திடுமெனச் சூடேறித் தோலைச் சுடும். இதன் ஆவி கண்ணை எரிக்கும். சாளரம் திறந்த அறையில், கண்ணாடி அணிந்து, முகத்தைச் சற்று விலக்கிவைத்து வேலை செய்தல் நலம்.

எபாக்சி என்னும் இருகூட்டுப் பசை, பிசின் ஒரு குழாயிலும் இறுக்கி மற்றொரு குழாயிலுமாக வரும். இதில் நீரோ கரைப்பானோ பறந்து போவதில்லை. கலந்த இரண்டும் வேதிவினையால் திண்மமாகிவிடும். ஆதலின் இது சுருங்குவதில்லை. உலோகம், ஒட்டுப்பலகை, கடின மரம் ஆகியவற்றையும் பால்சாவையும் ஒன்றாகப் பிணிக்கும்; ஓரளவு இடைவெளியையும் பொறுக்கும்; எண்ணெயையும் எரிபொருளையும் எதிர்த்து நிற்கும். பொறியைத் தாங்கும் முன்பலகை, சக்கரக் காலின் அடித்தளம், இறக்கை இரண்டும் கூடும் நடுவிணைப்பு ஆகிய மூன்றும் இதற்கே உரியன. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையும், ஒரு நாள் வரை எடுத்துக்கொள்ளும் வகையும் உண்டு. மெல்ல இறுகுவதே மரத்துள் நன்கு ஊறி வலிமை மிகப் பெறும். நடுவிணைப்பிற்கு அதனையே கொள்க. அளவு தவறாமல் கலத்தல் இதன் உயிர்நிலை. இறுக்கியை மிகுதியாகச் சேர்த்தால் விரைவில் இறுகும் என்று எண்ணிப் பலர் இணைப்பைப் பிசுபிசுப்பாகக் கெடுப்பர். எடை மிகுந்ததாதலின் வாலின் பக்கத்தில் இதனைத் தாராளமாகப் பயன்படுத்தலாகாது. வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் அதனினும் பன்மடங்கு ஈடு வைத்தாலன்றி விமானம் சமநிலை கொள்ளாது. அடிக்கடி தோலில் பட்டால் சிலர்க்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும், கையுறை வேண்டும்.

பழைய மாதிரிக் கலைஞர் போற்றிய பால்சா சிமென்டு என்பது செல்லுலோசு நைத்திரேட்டைக் கரைப்பானில் கரைத்தது. இலேசானது, விரைவில் உலர்வது, நன்றாகத் தேய்க்கத்தக்கது. ஆனால் உலரும்போது சுருங்கி மெல்லிய இறக்கையை முறுக்கிவிடும். தீயை விரைந்து பற்றும். விளக்கின் அருகில் இதனைத் திறப்பது கூடாது.

எப்பசையாயினும் அதனை விமானத்தில் இடுமுன் சோதித்துப் பார்த்தல் தச்சு அறிந்தோர் வழக்கம். இச்சோதனைக்குச் செலவு இல்லை. விமானத்திற்கு வாங்கிய அதே மரத்தில், ஒரு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள பட்டைகள் சில எடுத்துக்கொள்க. ஒரு சோடியை முகமும் முகமும் வெளிச்சம் புகாமல் பொருந்தத் தேய்த்து, பாதி நீளம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டுக. மற்றொரு சோடியை அவ்வாறே வைத்து, ஆனால் தேய்க்காமல் கரடாகவே ஒட்டுக. மூன்றாவதை முனையோடு முனை சேர்த்து ஒட்டுக. ஒரு நாள் முழுதும் உலரவிட்டபின் ஒவ்வொன்றையும் வலிந்து பிரித்து, பிரிந்த இடத்தை நோக்குக. எவ்வளவு வலிமையோடு பிரிந்தது என்பதைக் காட்டிலும், எங்கே பிரிந்தது என்பதே இங்குக் காணவேண்டியது. பிரிந்த முகங்களில் மர இழைகள் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் மரம் தோற்றது, பசை தோற்கவில்லை என்று பொருள்; அதற்குமேல் வலிய பசையைத் தேடுதல் வீண். முகம் பளபளத்து, பசை படலமாக உரிந்திருந்தால் இணைப்புத் தோற்றது. பெரும்பாலும் முதற்சோடி மரத்திலும் மற்றவை பசையிலும் பிரியக் காணலாம். மூன்றிலும் இட்டது ஒரே பசையே.

ஈரத்தின் ஆற்றலை அறிய விரும்புவோர், நன்கு பொருந்திய சோடிகள் இரண்டு செய்து, ஒன்றில் வெள்ளைப் பசையும் மற்றொன்றில் எபாக்சியும் இட்டு, உலர்ந்தபின் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துக் காலையில் பிரித்துப் பார்க்கலாம். எது இளகிற்று, எது நின்றது என்பதைக் கையே சொல்லும்.

விமானம் மோதி இணைப்பு விட்டுப்போன இடத்தைச் செப்பனிடும்போதும் முதலில் இங்ஙனமே பிரிந்த முகத்தை நோக்குதல் வேண்டும். மரம் பிய்ந்திருந்தால், சிதறிய இழைகளைப் பழைய இடத்திலேயே பொருத்திப் புதுப்பசையிட்டு அழுத்தினால் போதும். பசை உரிந்திருந்தால் அதன்மேல் மீண்டும் பசை தடவுவதில் பயனில்லை; காய்ந்த வெள்ளைப் பசையின்மேல் புதிய வெள்ளைப் பசை செவ்வையாகப் பற்றாது. பழைய படலத்தைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வெறும் மரம் தெரியச் செய்து, பொருத்தத்தை மீண்டும் ஒருமுறை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தபின்னரே குப்பியைத் திறத்தல் வேண்டும்.